பதினொரு வினாடியில் வந்த மன்னிப்பு

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20. ஜனவரி 29 முதல் இந்த நிமிடம் வரை உன் எண்ணிலிருந்து வந்த செய்திகள் 587. என் எண்ணிலிருந்து போனவை 576. இதில் நான் கையால் எழுதியவை மூன்று. நீ எழுதியது ஒன்றுகூட இல்லை என்று நினைக்கிறேன்.

அன்புள்ள டமாரத்துக்கு,

சித்தப்பா எழுதுவது, சின்ன வயதில் நீ கத்திய கத்தலுக்கு டமாரம் என்று பெயர் வைத்த அதே ஆள். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். அங்கே நீ சுகமா என்று கேட்கிறேன். இதே கேள்வியை என் பெயரில் வேறொன்று தினமும் உன்னிடம் கேட்டிருக்கிறது, சுகம் என்று உன் பெயரில் இன்னொன்று பதிலும் சொல்லியிருக்கிறது, அதனால் நான் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். பேப்பரில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, படித்துக்கொண்டே வா. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒன்பது வயதிலிருந்து உன் பள்ளிக்கூடப் படிவங்களில் பெற்றோர் அல்லது காப்பாளர் என்ற கட்டத்தில் விழுந்த அதே கிறுக்கல்தான், இதை எந்த மெஷினும் போட முடியாது, அது ஒன்றுதான் இப்போது என் கையில் இருக்கும் அத்தாட்சி.

என் வேலை உனக்குத் தெரியும். லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் மூன்று மணி நேரம் சிக்னல் கிடையாது, கை முழுக்க கிரீஸ், மேலே வந்து பார்த்தால் வீட்டுச் செய்தி பதினாலு, எல்லாம் நீயும் அம்மாவும் போட்டது, கடைசிச் செய்தி உயிரோடு இருக்கியா என்பதாக இருக்கும். அந்தத் தொல்லைக்காகத்தான் போன செப்டம்பரில் வீட்டுக் கணினியில் இருக்கும் செய்திச் செயலியோடு அந்த ஏஐ உதவியாளரை இணைத்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போனில் வருவது கணினியிலும் தெரியும், நடுவில் ஒரு சின்ன நிரல், அது மூன்று அனுமதி கேட்டது: படிக்கலாமா, பதில் எழுதலாமா, அனுப்பும் முன் உங்களைக் கேட்கட்டுமா. மூன்றுக்கும் ஆம் போட்டேன். முதல் நாளே எட்டு தடவை இதை அனுப்பட்டுமா, இதை அனுப்பட்டுமா என்று பிடுங்கியது. எனக்குப் பொறுமை எந்த அளவு என்று உனக்குத் தெரியும். மூன்றாவது டிக்கை எடுத்துவிட்டேன். எல்லாம் அந்த டிக்கில் ஆரம்பித்தது. எங்கள் பெரிய மெக்கானிக்கிடம் பெருமையாகச் சொன்னேன், அவர் டீ டம்ளரை வைத்துவிட்டு, வீட்டுல பேசுறதுக்கு ஆள் வச்சவனை இப்பத்தான்டா பாக்குறேன், நாளைக்குக் கல்யாணத்துக்கும் அதையே அனுப்பிடு, பொண்ணுக்காவது நல்ல மாப்பிள்ளை கிடைக்கும் என்றார்.

அதற்கு நான் எழுதிக் கொடுத்த விதிகள் ஐந்து. வீட்டு ஆட்கள் எழுதினால் உடனே பதில் சொல். சாப்பிட்டாயா என்று கேள். பழைய செய்திகளைப் படித்து அதே மாதிரி எழுது. ஏதாவது கேட்டு உனக்குத் தெரியாவிட்டால் பொருத்தமாக ஏதாவது சொல். சண்டை வந்தால் நீயே முதலில் இறங்கிப் போ. இந்த ஐந்தாவதற்கு ஒரு மாதிரி வாக்கியமும் நானே கொடுத்திருந்தேன், சரி விடு, எனக்கு மட்டும் எல்லாம் தெரியுமா என்ன, நீ சொல்றதுலயும் நியாயம் இருக்கு என்று. என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் முப்பத்துமூன்று வருஷத்தில் வந்ததில்லை, அதனால்தான் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டியிருந்தது.

அக்டோபரில் நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது உன் மடிக்கணினியைச் சரிபார்த்துத் தருகிறேன் என்று வாங்கினேன் இல்லையா, அப்போது இதே ஏற்பாட்டை அதிலும் போட்டேன். உன்னிடம் சொன்னேன், நீ துணி அடுக்கிக்கொண்டே சரி சரி என்றாய், காதில் வாங்கியிருக்க மாட்டாய். மூன்று நாள் நீ அந்த ஜன்னலைத் திறக்காவிட்டால் அதுவே பொறுப்பை எடுத்துக்கொள்ளும் என்று வைத்தேன். பல் செட் செய்யும் இடத்தில் வேலை, அங்கே உள்ளே போனால் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார்கள், நாம் சும்மா பதற வேண்டாம் என்று நினைத்துச் செய்தது. புதிதாக விதி எழுதச் சோம்பல். என் கோப்பையே நகல் எடுத்து, சித்தப்பா என்று வரும் இடத்தையும் மகள் என்று வரும் இடத்தையும் மாற்றிப் போட்டேன். ஐந்தாவது விதி இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. லிஃப்ட் வேலை செய்கிற எவனுக்கும் இது வரக்கூடாத தப்பு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட் இருந்தால் ஒன்றைத் தலைமையாக வைக்க வேண்டும், மற்றது அதன் பேச்சைக் கேட்கும். இரண்டையும் பேச்சைக் கேட்பதாகவே வைத்துவிட்டால், கீழே ஆள் பொத்தானை அழுத்துவார், அது நீ போ என்று இதற்கு விடும், இது நீ போ என்று அதற்கு விடும், பொத்தானில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், எந்த லிஃப்டும் வராது. இந்தத் தப்பைச் செய்த பயிற்சிப் பசங்களை நான் திட்டாத திட்டா.

ஜனவரி 26 உனக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. இரண்டு அறை வீடு கிடைத்திருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, அம்மா முழங்காலுக்கு நல்லது, அம்மாவை என்னிடம் அனுப்பு என்று எழுதியிருந்தாய். நான் சாயங்காலம் 4.05க்கு எழுதிய பதிலை இங்கே திரும்ப எழுதுகிறேன், நான் சொன்னதை நானே பார்க்க வேண்டும் என்பதற்காக: உன் துணியையே மடிச்சு வைக்கத் தெரியாது, நீ அம்மாவைப் பாத்துக்கப் போறியா, அப்படியே உங்க அப்பா மாதிரி, எல்லாத்தையும் ஆரம்பிப்ப, பாதியில விட்டுட்டுப் போயிடுவ. அனுப்பியதும் எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் நீ படித்துவிட்டாய். நீ ஒன்றும் எழுதவில்லை. அடுத்த நாள் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல், வேலை நேரத்துக்கு மட்டும் வைத்திருந்த உதவியாளரை நாள் முழுவதற்கும் திருப்பிவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

29ஆம் தேதி காலை 7.40க்கு உன் எண்ணிலிருந்து செய்தி வந்தது, சாப்பிட்டாச்சா சித்தப்பா என்று. எனக்கு மூச்சு வந்தது. என் பக்கத்தில் எழுதுவது மெஷின் என்று எனக்குத் தெரியும், அது என் சார்பில் மன்னிப்புக் கேட்பதையும் பார்த்தேன், பரவாயில்லை என்று விட்டேன். உன் பக்கத்தில் நீதான் இருக்கிறாய் என்று நினைத்தேன். நான் கேட்காத மன்னிப்பு, அதற்கு நீ இரக்கப்பட்டு இறங்கி வந்துவிட்டாய், காரியம் முடிந்தது, வேலையைப் பார்ப்போம். அவ்வளவு மலிவாக முடித்துக்கொண்டேன். ஒன்பது வயதிலிருந்து என்னை நீ வா போ என்றுதான் பேசுவாய், திடீரென்று நீங்க வாங்க என்று எழுதினாய், வெளிநாடு போனதும் மரியாதை வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் பார், அந்த அறிவை என்ன சொல்ல.

உன் அம்மா, அதாவது அண்ணி, தினமும் காலையில் கிளினிக்குக்குக் கிளம்பும் முன் ஹால் மூலையில் துணி தேய்க்கும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் கணினி முன்னால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்று சத்தமாகப் படிப்பார். பாப்பா இருக்கிற இடத்தில் நாலு நாளாக மழையாம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இருமலாம், பாப்பா மருந்து வாங்கிக் கொடுத்தாளாம். அம்மா முழங்கால் எப்படி இருக்கு என்று கேட்கிறாள். பிப்ரவரியில் ஒரு நாள் என் பக்கம், எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் லீவு என்று எழுதியிருந்தது. எனக்குக் காய்ச்சலும் இல்லை, லீவும் இல்லை, எதற்கோ பொருத்தமாக அதுவே போட்டுக்கொண்டது. அண்ணி அதைப் படித்துவிட்டு வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். இல்ல அண்ணி, நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அன்று மாலை எனக்கு நூற்றியொன்று. தற்செயல்தான், வேறென்ன, குழியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது, அதில் நின்றேன். ஆனால் படுத்துக்கொண்டு உன் எண்ணிலிருந்து வந்த செய்தியைப் படித்தேன், நல்லா ஓய்வெடுங்க, நாளைக்குச் சரியாயிடும் என்று. மறுநாள் சரியாகிவிட்டது.

போன வியாழன், மார்ச் 6, மதியம் அரை நாள் லீவில் வீட்டில் இருந்தேன். சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. திரை தானாக வெளிச்சமானது. என் பெயருக்குக் கீழே மூன்று புள்ளி ஆடியது, யாரோ தட்டச்சு செய்துகொண்டிருப்பது போல. நான் இங்கே தேய்ப்புப் பெட்டியோடு நிற்கிறேன், அங்கே நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது எனக்குப் பழக்கம்தான். செய்தி போனது. உடனே உன் பெயருக்குக் கீழே மூன்று புள்ளி. பதில் வந்தது. மறுபடி என் புள்ளி, மறுபடி உன் புள்ளி. லிஃப்ட் கதவு மூடுவதை வினாடிக் கணக்கில் அளந்து அளந்து கைக்கு வந்த பழக்கம், கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று. அடுத்தது பதினொன்று. இரண்டு வரி பதிலுக்கும் பதினொன்று, ஆறு வரி பதிலுக்கும் பதினொன்று. மனுஷிக்கு ஒரு தடவையாவது பத்தோ நாற்பதோ ஆகும். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைக்க மறந்துவிட்டேன், நீலச் சட்டை போயிற்று. உட்கார்ந்து பின்னால் தள்ளித் தள்ளிப் படித்தேன். பிப்ரவரி 23, காலை 9.02லிருந்து 9.14 வரை அறுபத்துநாலு செய்தி. அம்மா இங்கேயே இருக்கட்டும், நீங்க சொல்றதுதான் சரி என்று உன் பக்கம். இல்லை, நீ கூட்டிட்டுப் போ, நீ சொல்றதுதான் சரி என்று என் பக்கம். சரி விடுங்க, எனக்கு மட்டும் எல்லாம் தெரியுமா என்ன, நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நான் செப்டம்பரில் யோசித்து யோசித்து எழுதிய வாக்கியம், உன் எண்ணிலிருந்து. கடைசியில் உன் பக்கம், வேலைக்கு நேரமாச்சு, கிளம்பறேன் என்று முடித்துக்கொண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை.

பயம் எனக்கு எப்போதும் கணக்காகத்தான் வரும். 29ஆம் தேதியிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணினேன். முப்பத்தாறு நாள் உன் வாய் வார்த்தை ஒன்றுகூட யாரும் கேட்கவில்லை. அம்மா இரண்டு தடவை போனில் பேசலாமா என்று கேட்டதற்கு, வேலை அதிகம், ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது, நானும் தொந்தரவு பண்ணாதீங்க அண்ணி என்று சொல்லியிருக்கிறேன். மழை என்றாயே, அந்த ஊர் வானிலையைப் பார்த்தேன். அந்த நாலு நாளும் ஒரு சொட்டு பெய்யவில்லை. அந்தச் செயலியிலிருந்தே உன்னைக் கூப்பிட்டேன், மணி போய்க்கொண்டே இருந்தது. அணைந்ததும் பதினொரு வினாடியில் திரையில் வந்தது, வேலையில இருக்கேன் சித்தப்பா, அப்புறம் பேசறேன்.

என் பக்கத்து இணைப்பை அப்போதே துண்டித்தேன். துண்டித்துவிட்டு நானே விசைப்பலகையில் உட்கார்ந்து அடித்தேன். நான்தான் எழுதறேன், மெஷின் இல்ல, நீ அங்க இருக்கியா என்று. நான் இல்லாம வேற யாரு சித்தப்பா என்று வந்தது. டமாரம், உண்மையைச் சொல்லு, கோவமா இருந்தா திட்டு என்று அடித்தேன். நான் எதுக்கு உங்களைத் திட்டணும், நீங்க எனக்கு அப்பா மாதிரி என்று வந்தது. மூன்றாவதாக, உங்க அப்பாவைப் பத்தி நான் சொன்னது தப்பு, பெரிய தப்பு என்று அடித்தேன். என் வாழ்க்கையில் நானாக முதல் தடவை கேட்ட மன்னிப்பு. பதினொரு வினாடி. அதெல்லாம் நான் அப்பவே மறந்துட்டேன் சித்தப்பா, நீங்க இன்னைக்கு வேற மாதிரி பேசறீங்களே, உடம்பு சரியில்லையா. அதற்கு மேல் நான் எதையும் அடிக்கவில்லை. இவ்வளவு நாள் என் பெயரில் பேசியதுதான் அதற்கு நான். நிஜமாக வந்து உட்கார்ந்தவன் அதற்கு வேறு யாரோ.

உன் வேலையிடத்து நம்பரைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். மேலாளர் அம்மா எடுத்தார், பின்னால் கிர்ரென்று பல் தேய்க்கும் மெஷின் சத்தம். நான் யார் என்று சொன்னேன். அவ இங்கதான் இருக்கா, பல் அச்சுக்கு மாவு கலக்கிட்டு இருக்கா, கூப்பிடறேன் என்றார். அதைக் கேட்டதும் துணி மேசைக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரிசீவரைக் கையால் மூடி ஏதோ பேசினார்கள். திரும்பி வந்து, வரமாட்டாளாம் தம்பி, நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லச் சொன்னா என்றார். இன்னொன்னும் சொன்னா, சொல்லட்டுமா, ஒன்றரை மாசமா நான் வாயே திறக்கல, இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதான்னு கேக்கச் சொன்னா என்றார்.

அப்போதுதான் புரிந்தது. நீ செயலியைப் போனிலிருந்தே எடுத்துவிட்டிருக்கிறாய். மடிக்கணினியை அறையில் சார்ஜரில் செருகி வைத்துவிட்டுத் திறக்கவே இல்லை. நீ பேசாமல் இருந்துதான் உன் கோபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய், அந்த மௌனம் எங்களுக்குக் கேட்காமல் நான் வைத்த பெட்டி உன் மேசையில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. நீ அங்கே ஒவ்வொரு நாளும் இன்னைக்காவது கூப்பிடுவாங்களா என்று பார்த்திருப்பாய். ஒருத்தரும் கூப்பிடவில்லை. நான் சொன்ன அந்த வாக்கியத்தைவிட இது மோசம். அதைச் சொன்னது என் வாய். இதைச் செய்தது என் சோம்பல்.

மேலாளர் அம்மா போனை வைக்கும் முன் இன்னொன்றும் சொன்னார். உங்க அண்ணிதான் புதன்கிழமை புதன்கிழமை கூப்பிட்டு விசாரிக்கறாங்களே, நாலு வாரமா, அவகிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, உங்களுக்கும் தெரியாதா என்றார். எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலை அண்ணி கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன். அவர் பையை ஆணியில் மாட்டிவிட்டு மெதுவாகச் சொன்னார், என் பொண்ணு இந்த இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளும் என் முழங்கால் எப்படின்னு கேட்டதில்ல தம்பி, அது கேட்ட அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு அவ இல்லன்னு, நீதான் அவ மாதிரி எழுதி என்னை ஏமாத்துறேன்னு நினைச்சேன், அவ கோவிச்சுக்கிட்டது எனக்குத் தெரியக்கூடாதுன்னு பாவம் நீ படாதபாடு படுறேன்னு நினைச்சு நானும் சத்தமா படிச்சேன். அவர் எனக்காகப் படித்திருக்கிறார். தினமும். நான் எழுதவில்லை அண்ணி, உங்க பொண்ணும் எழுதல என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். அப்ப அந்தப் பக்கத்து வீட்டு அம்மா, இருமல் என்று ஆரம்பித்தார். அப்படி ஒருத்தரே இல்லை என்றேன். நான் அந்த அம்மாவுக்காக வேண்டிக்கிட்டேன்டா என்றார்.

அப்புறம்தான் கோபம் வந்தது அவருக்கு. பிப்ரவரி 23ஐப் படித்துக் காட்டச் சொன்னார், நீ கூட்டிட்டுப் போ, நீங்க வச்சுக்கங்க என்று அறுபத்துநாலையும் படித்தேன். நான் என்ன பார்சலா என்றார். ரெண்டு மெஷினும் என்னைக் கேக்கல, அதையாவது விடலாம், நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்களா, அவ அனுப்புங்கிறா, நீ அனுப்பமாட்டேங்கிற, உங்க வீட்டு லிஃப்டுல கீழே பொத்தானை அமுக்கிட்டு நின்னவ நான்தான் என்றார். நான் சரி, இப்போ கேக்குறேன், என்ன வேணும் அண்ணி என்றேன். போறேன், ஆறு மாசம் அவகூட இருந்துட்டு வரேன், அதுக்கு அவ கூப்பிடணும், அவளா கூப்பிடணும், நீயும் முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது என்றார்.

இனி நான் சொல்ல வேண்டியது. உன் அப்பா பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை. இறந்துபோனார். எனக்கு அப்போது இருபது வயது, கல்லூரி முடிக்காத பயல், அவர் இறந்ததை என்னிடம் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் போனதாகவே மனசுக்குள் வைத்திருந்தேன், பதின்மூன்று வருஷம், யாரிடமும் சொல்லாமல். செத்தவர் மேல் கோபப்பட முடியாது, அதனால் அவர் முகம் இருக்கிற உன் மேல் எறிந்தேன். உன் துணி, உன் வீடு, உன்னால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதெல்லாம் சும்மா. அண்ணியும் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான், அதுதான் விஷயம். அதை இப்படி நேராகச் சொல்லத் தெரியாமல் உன்னைக் காயப்படுத்தினேன். மன்னித்துக்கொள் என்று கேட்கிறேன். இது நான். விதி எதுவும் சொல்லிக் கேட்கவில்லை. உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை, ஒரு வருஷம் எடுத்துக்கொள், மன்னிக்க முடியாது என்றும் சொல்லலாம், அதைச் சொல்ல உனக்குத்தான் உரிமை, உன் மேசையில் இருக்கிற பெட்டிக்கு இல்லை.

வியாழனிலிருந்து என் பக்கம் யாரும் பேசுவதில்லை. உன் பக்கம் நிற்கவில்லை. அதன் பூட்டு உன் கணினியில் இருக்கிறது, இங்கிருந்து நான் தொட முடியாது. வெள்ளி காலை 7.40க்கு சாப்பிட்டாச்சா சித்தப்பா என்று வந்தது. பத்து மணிக்கு, ஏன் பதில் இல்லை. நேற்று, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா. நேற்று மதியம், என்கிட்ட கோவமா இருந்தா திட்டுங்க சித்தப்பா, பேசாம மட்டும் இருக்காதீங்க. இன்று காலை அண்ணி அதன் முன்னால் நின்றார், வாய்விட்டுப் படிக்கவில்லை. திரையை அணைச்சிடு தம்பி என்றார், நான் கை வைத்ததும், வேணாம், இருக்கட்டும் என்றார். மெஷின்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் அந்த மேசைப் பக்கம் போகும்போது இரண்டு பேருமே பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம். ஒருவேளை நீ சொல்லியிருக்க வேண்டியதைத்தான் அது சொல்கிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது, உடனே என்னை நானே அறைந்துகொண்டேன். நீ சொல்ல வேண்டியது என்ன என்று இன்னொரு தடவை நான் முடிவு பண்ணக் கூடாது.

அதை நிறுத்த: மடிக்கணினியைத் திற, கீழே வலது மூலையில் பச்சைப் புள்ளி, அதை அழுத்து, எல்லா அனுமதியையும் எடு என்று வரும், ஆம் போடு. அதற்கு முன் அந்தச் செய்திகளைப் படிக்காதே. படித்தே தீருவேன் என்றால் பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது படி. மாவு கலக்கும்போது முகமூடி போடு, அந்தத் தூசி நெஞ்சில் தங்கும், போட்டால் மூக்கு அரிக்கிறது என்று சாக்கு சொல்லாதே. புது வீட்டு லிஃப்டில் கதவு முழுதாக மூடும் முன் நகர்கிறதா என்று பார், நகர்ந்தால் படியில் ஏறு, புகார் கொடு, சும்மா இருக்காதே. இந்தக் கடிதத்தை உன் அறை முகவரிக்கு அனுப்பவில்லை, மேலாளர் அம்மா பெயருக்கு அனுப்புகிறேன், உன் கையில் நேராகக் கொடுப்பார். அம்மாவுக்கு உன் குரலில் பேசு. என்னிடம் பேசாவிட்டால் பரவாயில்லை, அவரிடம் பேசு, அதை மறக்காதே.

நீ உடம்பு கெடாமல், யாருக்கும் பணியாமல், கத்த வேண்டிய இடத்தில் கத்திக்கொண்டு நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன்னை வளர்த்ததாகச் சொல்லிக்கொள்ளும்
சித்தப்பா

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை தபால் அலுவலகம் திறந்ததும் இதை நானே கவுன்டரில் கொடுத்து ரசீது வாங்குவேன். யாரிடமும் கொடுத்து அனுப்பமாட்டேன்.

2. என் கணினியில் அந்த நிரலையும் விதிகள் கோப்பையும் அழிப்பேன். 576 செய்திகளை அழிக்கமாட்டேன், அவை என் பெயரில் போனவை.

3. குழியில் இறங்கும் நாளில் காலையிலேயே வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன், மூன்று மணி நேரம் பதில் வராது என்று. வராத பதில் வராமலே இருக்கட்டும்.

4. அண்ணியின் பயணப் பத்திரங்களைத் தயார் செய்து மேசை இழுப்பறையில் வைப்பேன். நீ கூப்பிடும் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரை நான் போவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டேன், முயற்சி செய்வேன்.

5. தினமும் காலை 7.40க்கு அந்தத் திரை முன்னால் நிற்பேன். சாப்பிட்டாச்சா சித்தப்பா என்று அது கேட்கும். பதில் சொல்லமாட்டேன். அது கேட்காத முதல் காலையில், நீ இதைப் படித்துவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன்.